ஈப்போவிலிருந்து செனாய்க்கு: 430 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்

மலேசியாவில் ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கும் ஜொகூரின் செனாய் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது அரை மணி நேரத் தூரம். கைப்பேசியில் தேடினால் அப்படியே 32 நிமிடம் என்று காட்டும் கணக்குகளும் உண்டு. அதனுடன் அரை மணி நேரத்தைச் சேர்த்து ஒரு மணி நேரம் என்று காட்டும் கணக்குகளும் உண்டு. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று அச்சாகியிருக்கும். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஸ்கூடாயில் தம்பி வீட்டு வாசல் வரைக்கும் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒன்றைச் சரியாகத்தான் அளக்கிறது. எந்த எண்ணை நம்பி வீட்டைவிட்டுப் புறப்படுகிறோம் என்பதில்தான் பலரும் அல்லற்படுகிறார்கள். வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த வழியில் பலமுறை போய் வந்திருக்கிறேன். பெற்றோரைத் தெற்கே பிள்ளைகளிடம் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், மர வரிசையில் நிரை பிடித்து, வாளி தூக்கி, மேடும் பள்ளமுமாக நடந்து தேய்ந்த முழங்கால்கள் அவருடையவை. லயத்து வீட்டைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் அந்த வலி கூடவே வந்தது. எழுபதைத் தாண்டியதும் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய காலத்தில் வேலை தேடித் தெற்கே போன இளைஞர்களில் என் தம்பியும் ஒருவன். சுங்கை சிப்புட்டின் பல வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றால் வயதானவர்கள்தான் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு விடுமுறை கிடைப்பதில்லை.

முன்பெல்லாம் இரவு பஸ்தான். ஈப்போவுக்கு வெளியே மேரு ராயாவில் இருக்கும் அமான்ஜெயா நிலையத்தில் ஏறினால், விடியும் நேரத்தில் ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் இறங்கலாம். ஏழு, எட்டு மணி நேரம். இளையவர்களுக்கு அது தூங்கி எழும் பயணம். அம்மாவுக்கு அப்படியில்லை. வழியில் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாததால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். சர்க்கரை நோயாளி தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கெடுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடக்கிய கால்கள் விடிவதற்குள் வீங்கிப்போயிருக்கும். லார்க்கினில் இறங்கும்போது இருபுறமும் தாங்கிப் பிடித்தால்தான் நிற்க முடியும். ஒருமுறை அந்த வீக்கம் வடிய நாட்களாயின. அதன் பிறகுதான் விமானத்தைப் பற்றித் தீவிரமாக யோசித்தோம்.

எங்கள் வீட்டில் முதல் கணக்கைப் போட்டவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள். ஈப்போ நிலையம் வடக்கு அட்சரேகை 4.57 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 101.09 பாகையில் இருக்கிறது. செனாய் 1.64 பாகை, 103.67 பாகை. தெற்கே 2.93 பாகை, கிழக்கே 2.58 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி: எந்தத் திசையில் போனாலும் ஒரு பாகை கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர்தான். தெற்கே 325, கிழக்கே 286 என்று வைத்து, பள்ளியில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் 433 வருகிறது. கைப்பேசி காட்டிய எண்ணுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வேறுபாடு. நிலநடுக்கோட்டைவிட்டு விலகிப் போகப் போகக் கிழக்கு மேற்கு அளவு சுருங்கும், பூமியின் வளைவும் கணக்கில் வரும் என்பதால் நெடுந்தூரத்துக்கு இந்தக் குறுக்கு வழி சரிப்படாது. தீபகற்ப மலேசியாவுக்குள் தாராளமாகப் போதும். பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டிய கணக்கு இது.

சாலை வழியாக இதே தூரம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மேற்குக் கரையை ஒட்டி, கோலாலம்பூரையும் சிரம்பானையும் தொட்டு வளைந்து போகிறது. விமானம் அந்த வளைவை மிச்சப்படுத்துகிறது. ஆனால் நூறு கிலோமீட்டர் மிச்சமாவது பெரிய ஆதாயம் அன்று. பெரிய ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அரை மணி நேரத் தூரத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம் என்று அச்சிடுகிறார்கள்? என் அக்காள் மகன் சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். “மாமா, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. நிறுத்துமிடத்தைவிட்டு விமானம் நகர்வதிலிருந்து, போய்ச் சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரைக்கும் உள்ள நேரம்” என்றான். நகர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். ஈப்போவின் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். நகரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். ஏறியதும் நினைத்த பக்கம் திரும்பிவிட முடியாது. 430 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே போய்விடுகிறது. அந்த நேரத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பதில்லை. உச்ச வேகத்தில் ஒரே சீராகப் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம் மட்டும். செனாய்க்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரின் சாங்கி, சிலேத்தார் நிலையங்களின் வான் போக்குவரத்தும் இருக்கிறது. வழக்கமான சிறு தாமதங்களைத் தாங்குவதற்கு விமான நிறுவனங்களும் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. 430 கிலோமீட்டரை ஒன்றேகால் மணியால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 345 கிலோமீட்டர் அளவில்தான் வரும். தூரம் குறையக் குறைய இந்தச் சராசரி வேகமும் குறையும். ஆகவே குறுந்தூரப் பயணத்தில் தூரத்தை 800ஆல் வகுத்து நேரம் கண்டுபிடிக்கவே கூடாது.

அவன் சொன்ன இன்னொன்று: சில வழிகளில் ஜெட்டுக்குப் பதிலாக ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம் பறக்கும். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். குறுந்தூரத்தில் அதனால் ஆகும் கூடுதல் நேரம் நினைப்பதைவிடக் குறைவு. ஆகவே “சின்ன விமானம்” என்று யாரும் தயங்க வேண்டாம். அதற்குப் படிகளும் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நல்ல செய்தி.

இந்த எண்களை நம்பி ஒரு நல்ல காரியம் தவறிப்போனதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தைக்குக் கூலாயில் மகளின் வளைகாப்பு. கூலாய், செனாய் நிலையத்துக்கு மிக அருகில். அவர் கைப்பேசியில் பார்த்தபோது 268 என்ற எண் வந்திருக்கிறது. அது மைல் கணக்கு. கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரைவிடச் சற்றுத் தள்ளித்தான் என்று நினைத்துவிட்டார். கீழே பறக்கும் நேரம் 32 நிமிடம் என்று இருந்தது. நல்ல நேரம் பகல் 12 மணிக்கு முடிகிறது, 10.20 விமானத்தில் போனால் 11 மணிக்குள் இறங்கிவிடலாம் என்று சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லிவிட்டார். டிக்கெட்டில் வந்துசேரும் நேரம் 11.35 என்று இருந்ததை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பெட்டி வந்து, கார் கிடைத்து, வீட்டுக்குப் போனபோது 12.30 ஆகிவிட்டது. வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். தாய் கையால் போட வேண்டிய முதல் வளையலை வேறொருவர் போட்டிருந்தார். அத்தை அழுதுகொண்டே தொலைபேசியில் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. சடங்கு, திருமணம், காரியம் எதுவாக இருந்தாலும் முதல் நாளே போய்விடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்தைக் காட்டும் பக்கங்களில் கிலோமீட்டர், மைல், கடல்மைல் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். ஈப்போவுக்கும் செனாய்க்கும் 432 கிலோமீட்டர் என்றால், 268 மைல், 233 கடல்மைல். விமானிகள் கடல்மைலில் பேசுகிறார்கள். நமக்குக் கிலோமீட்டர் போதும். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போக வேண்டும்.

இனி எங்கள் ஐந்து மணி நேரத்தைப் பிரித்துச் சொல்கிறேன். விமானம் காலை 11 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டைவிட்டு 8.15க்குப் புறப்படுவோம். பழைய சாலையில் காந்தான், செம்மோர், தாசேக் வழியாக ஈப்போ நகரைக் கடந்து தெற்கே போக வேண்டும். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், என்றாலும் காந்தானுக்கும் செம்மோருக்கும் இடையில் கனரக லாரிகள் நிறைய. காலை வேளையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்தான் நிம்மதி. 9.15க்கு நிலையம். சக்கர நாற்காலிக்காகப் பதிவு முகப்பில் நின்று, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, கழிவறைக்கு அழைத்துப் போய்வர நேரம் சரியாக இருக்கும். முகப்பு எத்தனை மணிக்கு மூடப்படும் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் இதில் ஒரு நிமிடமும் தளர்த்துவதில்லை. 12.15க்குச் செனாயில் விமானம் நிற்கும். சக்கர நாற்காலிப் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள். பெட்டியை எடுத்து வெளியே வர 12.50. தம்பியின் காரில் ஸ்கூடாய் போய்ச் சேர 1.15, 1.20. மொத்தத்தில் ஐந்து மணி நேரம். அதில் விமானம் காற்றில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

காரில் போனால் ஓய்வெடுப்பதையும் சேர்த்து ஏழு மணி நேரம். விமானத்தால் மிச்சமாவது இரண்டே மணி நேரம்தான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஐந்து மணி நேரத்தில் அம்மா தொடர்ந்து உட்கார்ந்திருக்கும் மிக நீண்ட பகுதி விமானத்துக்குள் ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் காலை நீட்டலாம், தண்ணீர் குடிக்கலாம், கழிவறை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். இரவு பஸ்ஸில் மூன்று, நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. விமானத்தின் பெரிய ஆதாயம் இதுதான். பயண நேரத்தைக் கேட்பவர்கள் மொத்த நேரத்தை மட்டும் கேட்கிறார்கள். முதியவரை அழைத்துச் செல்பவர், இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டிய நேரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கைப்பேசி பதில் சொல்வதில்லை. நாமே எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஈப்போ போன்ற சிறிய நிலையத்தின் அருமையும் அப்போதுதான் தெரியும். காரைவிட்டு இறங்கும் இடத்திலிருந்து புறப்பாட்டு வாயில் வரைக்கும் நடக்கும் தூரம் மிகக் குறைவு. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் நடந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். அங்கே திடமானவர்களுக்கே மூச்சு வாங்கும். ஆனால் ஈப்போவில் ஒரு சிரமம் உண்டு. கட்டடத்திலிருந்து தளத்தில் இறங்கி நடந்து, படிக்கட்டு வழியாகத்தான் விமானத்தில் ஏற வேண்டும். ஜெட் விமானத்தின் படிக்கட்டு செங்குத்தாக, நீளமாக இருக்கும். மழை பெய்தால் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது. பதியும்போது மூன்று வகை கேட்பார்கள். நீண்ட தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்பது ஒன்று. படியும் ஏற முடியாது, விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார் என்பது இரண்டாவது. அறவே நடக்க முடியாது, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. நம் ஆட்கள் கூச்சத்தால் முதல் வகையைச் சொல்லிவிடுகிறார்கள். “நான் மெதுவாக ஏறிவிடுவேன்” என்று அம்மாவும் சொன்னார். தோட்டத்தில் வேலை செய்த தலைமுறைக்கு, முடியாது என்று சொல்வது இழுக்கு. நான் இரண்டாவது வகையைப் பதிந்தேன். தூக்கு வசதியோ உதவியாளர்களோ அதற்கேற்ப ஏற்பாடாகிறார்கள். இது சலுகை அன்று, பயணியின் உரிமை. பிள்ளைகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது; அங்கே குளிரில் உறைந்துபோகக்கூடும், பெட்டி தவறினாலும் ஆபத்து. கைப்பையில், மருத்துவமனை ஒட்டிய பெயர்ச் சீட்டுடன் இருக்கட்டும். கைப்பையின் எடை வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. முருங்கைக்கீரையும் முறுக்கு டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும் அந்த ஏழு கிலோவுக்குள் அடங்காது என்பதால், அம்மாவின் பெட்டிக்கு முன்கூட்டியே எடை வாங்கிவிடுகிறேன். முகப்பில் போய்க் கட்டினால் கட்டணம் பல மடங்கு. பேரனுக்கென்று அவர் செய்ததைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

சிறிய நிலையங்களுக்கு இன்னொரு குணம்: ஒரு வழிக்கு ஒரு நாளில் விமானங்கள் மிகச் சில. சேவை பருவத்துக்குப் பருவம் மாறவும் செய்யும். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் இருக்கிறது. ஈப்போவில் விமானத்தைத் தவறவிட்டால் அன்றைய பயணமே போய்விடக்கூடும். பயண நேரத்தைக் கணக்கிடும்போது, அடுத்த விமானம் எப்போது என்பதையும் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால் வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தை முன்னே தள்ளுங்கள்.

காலை விமானத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடியும் மழையும் சகஜம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அது கூடும். தீபாவளி அந்த இரண்டாவது பருவத்தில்தான் வருகிறது. மேகம் இறங்கினால் விமானம் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது வேறு நிலையத்துக்குத் திரும்பும். அதோடு, ஒரே விமானம் நாள் முழுவதும் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் எங்கோ ஏற்பட்ட முக்கால் மணி நேரத் தாமதம் மாலைக்குள் இரண்டு, மூன்று மணி நேரமாக வளர்ந்துவிடும். முதல் விமானத்தில் போகிறவருக்கு அந்தச் சுமை இல்லை.

மாலைத் தாமதத்தில் நாங்களும் அகப்பட்டோம். செனாயிலிருந்து திரும்பும்போது, எங்களை ஏற்ற வேண்டிய விமானம் முந்தைய ஊரிலிருந்தே கிளம்பவில்லை. அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் தப்பக் கூடாது. மலேசிய வான்பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016இல் வந்தது. தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் உணவும், தொலைபேசி அல்லது இணையத் தொடர்பும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஐந்து மணி நேரம் ஆகி இரவு தங்க வேண்டி வந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும். 2024 செப்டம்பர் முதல், தாமதம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள். நான் முகப்பில் போய் விதியைச் சொல்லி உணவுச் சீட்டு கேட்டேன். கொடுத்தார்கள். கேட்காத பலர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சொல்லி அனுப்பினேன். அமைதியாக, உறுதியாகக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டிய தேவை இல்லை.

எப்போதும் விமானமே சரி என்று நான் சொல்லவில்லை. நான்கு பேர், திடமானவர்கள், சொந்தக் கார் இருக்கிறது என்றால் நெடுஞ்சாலையே மலிவு. வழியில் விரும்பிய இடத்தில் நிற்கலாம். பண்டிகைக் காலத்தில் விமானக் கட்டணம் ஏறும், நெடுஞ்சாலையும் நெரியும். அப்போது இரண்டு நாள் முன்னே பின்னே போவதுதான் உண்மையான சிக்கனம். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் பக்கம் சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் சுற்றிப் போகத் திட்டமிடுங்கள். விமானச் செலவைக் கணக்கிடும்போது டிக்கெட் விலையோடு பெட்டி, இருக்கை, இரு பக்கத்துக் கார் வாடகை எல்லாவற்றையும் சேர்த்தே மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். ரயிலையும் மறக்க வேண்டாம். சுங்கை சிப்புட்டிலேயே நிலையம் இருக்கிறது. மின்தொடர் ரயில் தெற்கே ஜொகூர் மாநிலத்துக்குள்ளும் நீண்டிருக்கிறது. நேரம் கூடுதலாகும், கோலாலம்பூரில் மாற வேண்டியும் வரலாம். ஆனால் ரயிலில் எழுந்து நடக்கலாம். நேரம் நிறைய இருக்கும் முதியவருக்கு அது மோசமான தேர்வு அன்று.

பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் கணக்கு மாறும். செனாயில் இறங்கி, ஜொகூர் பாரு போய், பாலத்தைக் கடப்பது மலிவு. ஈப்போவிலிருந்து சாங்கிக்கு நேர்கோட்டில் 480 கிலோமீட்டர். செனாயைவிட ஐம்பது கிலோமீட்டர்தான் அதிகம். பாலமோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை மாலையிலும் விடுமுறை நாட்களிலும் அந்த ஒரு கிலோமீட்டர் பல மணி நேரத்தை விழுங்கும். முதியவர் கூட வந்தால் சாங்கிக்கு நேராகப் போவதே என் தேர்வு. கடப்பிதழ் இரண்டுக்கும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும். எங்கள் ஊரிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்குச் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். பினாங்கு விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். 2024 டிசம்பர் முதல் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் பறக்கிறது. தூரம் 2,360 கிலோமீட்டர் அளவு. சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். திருச்சியைச் சுற்றி உறவுகள் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்குப் போவதே நல்லது. சென்னையில் இறங்கினால் அங்கிருந்து இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழி இருக்கிறது. டிக்கெட்டில் ஒன்றைக் கவனியுங்கள். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். நம் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது நான்கு மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் போலவும், வரும்போது ஆறரை மணி நேரம் போலவும் தெரியும். மாத்திரை வேளையை ஊர் நேரப்படி மாற்றாமல், முதல் நாள் மட்டுமாவது மலேசிய நேரப்படி கொடுப்பது பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் பள்ளி விடுமுறைக்கு அம்மாவுக்குச் செனாய் டிக்கெட் எடுத்துவிட்டேன். காலை விமானம். சக்கர நாற்காலி இரண்டாவது வகையில் பதிவாகியிருக்கிறது, பெட்டிக்கு 20 கிலோ வாங்கியிருக்கிறேன். வாடகைக் காரை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பக்கத்து வீட்டு அத்தையும் எங்களோடு வருகிறார். பேத்திக்குக் காது குத்துகிறார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமையே போகிறோம்.